பத்து ரூபாய் நாணயத்தின் இரண்டு விலைகள்

ஐயப்பன்தாங்கலில் எங்கள் தெருமுனை மளிகைக் கடையில் பத்து ரூபாய் நாணயம் செல்லாது. "இது ஓடாது சார், நோட்டா குடுங்க" என்பார் கடைக்காரர். அது செல்லும், பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிக்கை விட்டுவிட்டது. அதை போனில் எடுத்து அவருக்குக் காட்டியும் இருக்கிறேன். "பேங்க்ல வாங்குவான் சார், எங்கிட்ட சரக்கு போடுறவன் வாங்க மாட்டான்" என்றார். அதற்கு மேல் என்ன பேசுவது?

அதே தெருவில், அதே வாரத்தில், எங்கள் கீழ்வீட்டு சார் அதே பத்து ரூபாய் நாணயத்தை ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோ லாக்கரில் வைத்துப் பூட்டியிருந்தார். வைஷ்ணோ தேவி படம் போட்ட 2012-ஆம் ஆண்டு நாணயம். பத்து லட்சம் போகும் என்று யூடியூபில் சொன்னார்களாம்.

முகமதிப்பு பத்து ரூபாய். கடையில் பூஜ்யம். வீடியோவில் பத்து லட்சம். இந்த மூன்று எண்களுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதுதான் இந்தக் குறிப்பு. நான் நாணயவியல் படித்தவன் இல்லை. சாஃப்ட்வேர் வேலை, மிச்ச நேரத்தில் பழைய காசு பார்க்கிற பழக்கம், பத்துப் பதினைந்து வருஷமாக. அந்த அளவு உரிமையோடுதான் எழுதுகிறேன்.

கீழ்வீட்டு சாரின் கதை

சார் ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணக்கில் கறார். காய்கறிக்காரரிடம் இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீங்க கம்ப்யூட்டர் ஆளு. இந்த லெட்டர் ஒரிஜினலான்னு கொஞ்சம் பாருங்க."

போனில் ஒரு பி.டி.எஃப். மேலே ரிசர்வ் வங்கியின் சின்னம், கீழே ஒரு கையெழுத்து, நடுவில் சாரின் பெயர் பிழையாக. அவருடைய இரண்டு நாணயங்கள் ஒன்பது லட்சத்து சில்லறைக்கு "ஏற்கப்பட்டதாக" எழுதியிருந்தது. முதலில் பதிவுக் கட்டணம் என்று 1,150 ரூபாய் வாங்கியிருந்தார்கள். அப்புறம் வரி என்று 12,500. இப்போது பணத்தை வண்டியில் அனுப்ப இன்சூரன்ஸ் 28,000 கேட்கிறார்கள். இந்த மூன்றாவது தொகை வந்தபோதுதான் அவருக்கு லேசாக உறுத்தியிருக்கிறது.

இது புதிதல்ல. 2021 ஆகஸ்ட் 4-ஆம் தேதி ரிசர்வ் வங்கி இதைப் பற்றியே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. பழைய நோட்டு, நாணயம் வாங்க விற்க தங்கள் பெயரையும் சின்னத்தையும் சிலர் பயன்படுத்தி கமிஷன், வரி என்று பணம் கேட்கிறார்கள், நாங்கள் அப்படி எந்த வியாபாரமும் செய்வதில்லை, யாருக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுக்கவும் இல்லை என்பது சாரம். அன்று மாலையே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசி புகார் பதிந்தோம். 28,000 தப்பியது. முன்னால் போன 13,650 இன்று வரை திரும்பவில்லை.

மோசடி செய்தவனைத் திட்டுவது சுலபம். ஆனால் கணக்கில் கறாரான ஒரு மனுஷனை அந்த இடம் வரை கொண்டு போனது அந்த மோசடிக்காரன் மட்டும் இல்லை. அதற்கு முன்னால் அவர் பார்த்த நாற்பது ஐம்பது வீடியோக்கள். அவற்றில் பலவற்றை எடுத்தவர்கள் யாரிடமும் ஒரு ரூபாய்கூட வாங்கியிருக்க மாட்டார்கள். அவற்றைத்தான் நான் விமர்சிக்க வேண்டியிருக்கிறது.

வீடியோவின் இலக்கணம்

சார் பார்த்தவற்றில் ஒரு பத்தைப் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே எலும்புக்கூடு.

முதலில், எல்லார் வீட்டிலும் இருக்கக்கூடிய ஒரு காசு. ட்ராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு, 786 என்று முடியும் எண், 1985-ஆம் ஆண்டு ஒரு ரூபாய். அபூர்வமான காசைக் காட்டினால் பார்க்கிறவருக்கு ஆர்வம் வராது, அது அவர் வீட்டில் இருக்காது. அதனால் இந்த வகை வீடியோ சாதாரணக் காசைத்தான் காட்டியாக வேண்டும். அதாவது, அபூர்வம் என்று சொல்லப்படும் எதுவும் அபூர்வமாக இருக்க முடியாது என்பது இதன் அடிப்படை விதி.

இரண்டாவது, ஓர் அடையாளம். "ஆண்டுக்குக் கீழே இந்தக் குறி இருக்கான்னு பாருங்க." இது பாதி உண்மை என்பதால் வலுவாக வேலை செய்கிறது. நம் நாணயங்களில் ஆண்டுக்குக் கீழே குறி இருப்பது நிஜம். மும்பைக்கு வைர வடிவம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி, கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. எந்த நாணயச்சாலையில் அச்சானது என்பதைச் சொல்கிற முகவரி அது. எத்தனை கோடி காசுகளில் அந்த முகவரி இருக்கிறது என்பதை வீடியோ சொல்லாது.

சாரின் இரண்டாவது நாணயம் 1985-ஆம் ஆண்டு ஒரு ரூபாய். கீழே ஆங்கில 'ஹெச்' எழுத்து. "ஹைதராபாத்ல ரொம்பக் கொஞ்சமா அடிச்சாங்களாம் தம்பி" என்றார். ஹைதராபாத்தே இல்லை. எண்பதுகளின் நடுவில் சில்லறைத் தட்டுப்பாடு வந்தபோது அரசு வெளிநாட்டு நாணயச்சாலைகளில் காசு அச்சடித்து வாங்கியது. 'ஹெச்' என்பது பர்மிங்காமின் ஹீட்டன் நாணயச்சாலை. தட்டுப்பாட்டைத் தீர்க்க வந்த காசு எப்படிக் கொஞ்சமாக இருக்கும்? இந்தக் கேள்வியை நான் கேட்டதும் சார் சிரித்துவிட்டார். வீடியோ பார்க்கும்போது அதைக் கேட்கத் தோன்றவில்லை என்றார்.

மூன்றாவது, ஒரு விலை. இங்கேதான் முக்கியமான தில்லுமுல்லு. காட்டப்படுவது யாரோ ஒருவர் விளம்பரத்தில் *கேட்ட* விலை. யாரும் *கொடுத்த* விலை இல்லை. இணையத்தில் யார் வேண்டுமானாலும் ஒரு ரூபாயை ஒரு கோடிக்குப் பட்டியலிடலாம், காசு செலவில்லை. அப்படி ஒரு விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அதே ஆள், அதே காசு, அதே விலை. ஆனால் இதற்குள் அந்த விளம்பரத்தை ஆதாரமாகக் காட்டி இரண்டு வீடியோ வந்துவிட்டது. அதைப் பார்த்தவர்கள் தங்கள் காசையும் அதே விலைக்குப் பட்டியலிடுகிறார்கள். அது அடுத்த வீடியோவுக்கு ஆதாரம். எங்கள் தொழிலில் இதை முடிவில்லாச் சுழற்சி என்போம். வெளியிலிருந்து ஒரு மதிப்புகூட உள்ளே வராமல், புரோகிராம் தன் விடையைத் தானே தின்று பெருக்கிக்கொண்டே போகும்.

இது யூடியூபோடு நிற்கவில்லை என்பதுதான் என் பெரிய வருத்தம். 1918-ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ஒரு ரூபாய் ஒன்பது லட்சம் என்று செய்தித் தளங்களே எழுதின. அந்த ஒரு காசை எடுத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம்.

1918-ன் ரூபாய் எங்கிருந்து வந்தது

முதல் உலகப்போர் நேரத்தில் இந்தியாவில் வெள்ளி ரூபாய்க்குக் கடும் பஞ்சம். போர்ச் செலவுக்காக நோட்டு அடித்துவிட்டார்கள், மக்களோ நோட்டைக் கொடுத்து வெள்ளி கேட்டார்கள். கொடுக்க வெள்ளி இல்லை. பிரிட்டன் அமெரிக்காவிடம் போனது. 1918 ஏப்ரலில் அமெரிக்கா பிட்மன் சட்டம் என்ற ஒன்றை நிறைவேற்றி, தன் கருவூலத்தில் இருந்த வெள்ளி டாலர்களை உருக்கியது. மொத்தம் 27 கோடி டாலர்கள். அந்த வெள்ளியின் பெரும்பங்கு கப்பலேறி இந்தியாவுக்கு வந்து ரூபாயானது.

விளைவு, பம்பாயும் கல்கத்தாவும் சேர்ந்து 1918 என்ற ஆண்டு போட்டு 40 கோடிக்கு மேல் ரூபாய் அச்சடித்தன. பிரிட்டிஷ் இந்திய ரூபாய்களில் மிக எளிதாகக் கிடைப்பவற்றில் ஒன்று இது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் நான் எப்போது போனாலும் ஏதாவது ஒரு துணி விரிப்பில் இது கிடக்கும். எடை 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, அதாவது 10.69 கிராம். வெள்ளி கிராம் நூறு ரூபாய் என்று வைத்தால் உள்ளே இருப்பது 1,069 ரூபாய். சாதாரணமாகத் தேய்ந்த 1918 ரூபாயின் விலை இந்த எண்ணைச் சுற்றித்தான் ஏறி இறங்கும். ஒன்பது லட்சம் என்பதற்கு இதில் எந்த வழியும் இல்லை.

இதற்கு எதிர்முனையில் 1939-ஆம் ஆண்டு ஆறாம் ஜார்ஜ் ரூபாய். பட்டியல் நூல்களில் பார்த்தால் 24 லட்சத்துக்கு மேல் அச்சானதாக இருக்கும். அப்படியொன்றும் சின்ன எண் இல்லை. ஆனால் இன்று ஏலத்தில் உண்மையாகவே லட்சங்களுக்குப் போகிற காசு இது. காரணம், இரண்டாம் உலகப்போர் தொடங்கி, 1940-ல் ரூபாயின் வெள்ளி அளவைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். பழைய தரத்தில் அடித்த 1939 ரூபாய் வெளியே வராமலே பெரும்பாலும் உருக்குக்குப் போய்விட்டது. பிழைத்தது சொற்பம். இதை அறிந்து 1939-ல் யாரும் ஒரு மூட்டை வாங்கி வைக்கவில்லை. வாங்கி வைத்திருந்தால் அது அபூர்வமாகியே இருக்காது.

நடுவில் ஒரு காசு உண்டு. 1911-ன் 'பன்றி ரூபாய்'. அரசர் போட்டிருக்கும் அங்கியின் சங்கிலியில் ஒரு குட்டி யானை. தும்பிக்கை சின்னதாக இருந்ததால் பார்க்கப் பன்றி மாதிரி இருக்கிறது என்று முஸ்லிம்கள் மத்தியில் எதிர்ப்பு வந்தது. 94 லட்சம் அச்சடித்து, சுமார் 7 லட்சம் வெளியே போன பிறகு நிறுத்தி, மிச்சத்தை உருக்கி, 1912-ல் யானையைத் திருத்தினார்கள். நல்ல கதை, குறைந்த எண்ணிக்கை, நூற்றுப் பத்து வருஷப் பழமை. இவ்வளவு இருந்தும் நடுத்தரத் தேய்மானத்தில் நான் பார்த்தவரை சில ஆயிரங்களில்தான் கைமாறுகிறது. ஏழு லட்சம் வெளியே போன காசுக்கு ஏழு லட்சம் சேகரிப்பாளர்கள் நாட்டில் இல்லை, அவ்வளவுதான்.

ஆக, பழமை விலை ஆகாது. அச்சான எண்ணிக்கையும் விலை ஆகாது. எத்தனை பிழைத்தது, அதை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற இரண்டும் சேர்ந்தால்தான் விலை. வீடியோக்கள் இந்த இரண்டையும் தொடுவதே இல்லை.

படித்தவர்களின் வீடியோ

இது வரை படித்துவிட்டு, "நல்ல வேளை, நமக்கு இதெல்லாம் தெரியும்" என்று நினைக்கிறவர்களுக்காக அடுத்த பகுதி. அதில் முதல் ஆள் நான்.

2010-ல் தஞ்சைப் பெரிய கோவிலின் ஆயிரமாண்டு நிறைவுக்காக மத்திய அரசு ஆயிரம் ரூபாய் முகமதிப்பில் ஒரு நாணயம் கொண்டுவந்தது. 35 கிராம், 80 சதவீதம் வெள்ளி. ஆயிரம் ரூபாய் மதிப்பில் நாணயம் அதுவே முதல். ராஜராஜன், பெரிய கோவில், முதல் ஆயிரம். தமிழனாகப் பிறந்த சேகரிப்பாளனுக்கு வேறென்ன வேண்டும்? புக்கிங் விட்டுப்போனதால் 2012-ல் ஒரு தனியாரிடம் 9,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். "பத்து வருஷத்துல அம்பதாயிரம்" என்று அவர் சொன்னார். நானும் மனைவியிடம் அதையே சொன்னேன்.

2019-ல் வீட்டில் ஒரு செலவு வந்தபோது விற்கக் கேட்டேன். கிடைத்த ஆஃபர் 4,500. அந்த ஒன்பதாயிரத்தை ஏழு வருஷம் எட்டு சதவீத வட்டியில் போட்டிருந்தால் 15,400 ஆகியிருக்கும். உள்ளே இருந்த 28 கிராம் வெள்ளி நான் வாங்கிய அன்று 1,700 ரூபாய்கூட இருக்காது. மிச்சம் ஏழாயிரத்துச் சொச்சத்துக்கு நான் வாங்கியது ஒரு நம்பிக்கையை. சார் 13,650-க்கு வாங்கிய அதே சரக்கு. என்ன, எனக்கு வந்த சரக்கில் கூடவே ஓர் அழகான டப்பா இருந்தது.

நினைவு நாணயங்களில் இந்தக் கணக்கு ஏன் எப்போதும் உதைக்கிறது என்பதற்கு ஓர் அமெரிக்க உதாரணம் இருக்கிறது. 1950-ல் டென்வர் நாணயச்சாலை ஐந்து சென்ட் காசு 26 லட்சம்தான் அச்சடித்தது. அந்த வகையில் மிகக் குறைந்த எண்ணிக்கை. செய்தி உடனே பரவி, ஆளாளுக்கு வங்கியில் உருளை உருளையாக வாங்கி வைத்தார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் அது ஒரு வெறியாகவே மாறியது. 1964 வாக்கில் உச்சத்துக்குப் போய், ஐந்து சென்ட் காசு முப்பது டாலர் வரை விற்று, பிறகு சரிந்தது. சாதாரணத் தரத்தில் இன்று வரை அந்த உச்சத்தை அது திரும்பத் தொடவில்லை. எல்லாரும் பத்திரமாக வைத்ததால் ஒன்றுகூடத் தேயவில்லை, தொலையவில்லை, உருகவில்லை. பளபளவென்று லட்சக்கணக்கில் இருக்கிறது.

அபூர்வம் என்பது யாரும் கவனிக்காதபோது நடக்கும் விஷயம். விலை ஏறும் என்று நாலு பேர் எடுத்து வைத்த நிமிஷமே அந்தக் காசு அபூர்வமாகும் வாய்ப்பு செத்துவிடுகிறது. அச்சாகும்போதே டப்பாவில் அடைத்து, சான்றிதழோடு வரும் காசு எப்படித் தொலையும்?

அப்புறம் தரம். வெளிநாட்டு நிறுவனங்கள் நாணயத்தைப் பிளாஸ்டிக்கில் அடைத்து 1 முதல் 70 வரை எண் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெங்களூர், மும்பை ஏலங்களிலும் இப்போது இது சகஜம். பார்க்க ரொம்ப விஞ்ஞானமாக இருக்கும். இந்த எண்ணை உருவாக்கியவர் வில்லியம் ஷெல்டன். 1949-ல், பழைய அமெரிக்கச் செப்பு சென்ட்டுகளுக்காக. அவர் யோசனை என்னவென்றால், 1-ஆம் தரக் காசு ஒரு டாலர் என்றால் 70-ஆம் தரம் எழுபது டாலர். அதாவது அந்த எண் பிறந்ததே ஒரு *விலைப் பெருக்கியாக*. சில வருஷத்திலேயே விலைகள் அந்த விகிதத்தை உடைத்துவிட்டன. எண் மட்டும் தங்கிவிட்டது. இன்று 64-க்கும் 65-க்கும் நடுவில் ஒரு புள்ளி வித்தியாசத்தில் விலை பல மடங்கு தாவுகிறது. அந்த ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு எண்பதுகளின் கடைசியில் வால் ஸ்ட்ரீட் நிறுவனங்களே நாணய ஃபண்ட் தொடங்கின. "காசைப் பார்க்கவே வேண்டாம், எண்ணைப் பார்த்து வாங்கலாம்" என்பதுதான் விற்பனை வாசகம். 1989-ல் உச்சம், அடுத்த ஆண்டே சரிவு.

அபூர்வமான பெரிய காசுகள் ஏறவே இல்லையா என்று கேட்டால், ஏறியிருக்கின்றன. அமெரிக்காவின் 1933-ஆம் ஆண்டு இருபது டாலர் தங்கக் காசு ஒன்று 2002-ல் சுமார் 76 லட்சம் டாலருக்கும், 2021-ல் 1 கோடியே 89 லட்சம் டாலருக்கும் போனது. ஆனால் தனியார் சட்டப்படி வைத்திருக்கக்கூடியது அந்த ஒன்றே ஒன்று. அந்த ஒரு காசின் விலையைக் காட்டி லட்சம் பேரின் டப்பாக்களை விற்பதுதான் நடக்கிறது.

2024 ஆகஸ்டில் கலைஞர் நூற்றாண்டு நினைவாக நூறு ரூபாய் நாணயம் சென்னையில் வெளியிடப்பட்டது. அறிவாலயத்தில் ஒன்று பத்தாயிரம் ரூபாய்க்கு விற்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. அதை வாங்கிய கட்சிக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் ஒரு தலைவரின் நினைவுக்காகக் கொடுத்தார், கொடுத்த அன்றே அதற்கான நிறைவும் கிடைத்துவிட்டது. அந்தப் பத்தாயிரத்தை "சந்தை விலை" என்று எழுதி, அடுத்த நாணயத்தை விற்கிற மூன்றாவது ஆளோடுதான் என் சண்டை. நான் ராஜராஜன் காசை ராஜராஜனுக்காக வாங்கியிருந்தால் 2019-ல் எனக்கு நஷ்டமே இல்லை.

விலைக்கு ஒரு வக்காலத்து

எதிர்த்தரப்பையும் சொல்லிவிட வேண்டும். விலையே இல்லாவிட்டால் என்ன ஆகும்? வெள்ளி ஏறும்போதெல்லாம் விக்டோரியா ரூபாய்கள் நகைப்பட்டறைக்குப் போய் உருகுகின்றன. வெள்ளி மதிப்புக்கு மேலே நூறு ரூபாய் கூடக் கொடுக்க ஒரு சேகரிப்பாளர் இருப்பதால்தான் பல காசுகள் தப்புகின்றன. தமிழ் பிராமியில் 'பெருவழுதி' என்று எழுத்துள்ள சங்ககாலப் பாண்டியர் செப்புக் காசு, தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தியின் சேகரிப்பு வழியாகத்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அதற்கு முன்னால் சங்க கால அரசர்கள் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டார்களா என்பதே சந்தேகமாக இருந்தது. காசுக்கு விலை கொடுக்க ஒருவர் இல்லையென்றால் அது பழைய செம்பு எடைக்குப் போயிருக்கும். வியாபாரியும் சேகரிப்பாளரும் வரலாற்றுக்குச் செய்த உதவியை நான் மறுக்கவில்லை.

ஆனால் ஊகவிலை வந்தால் இதே வழி தலைகீழாகிறது. கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் சேரர் காசுகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. கொல்லிப்புறை, கொல்லிரும்பொறை என்று பெயர் பொறித்தவை அப்படிக் கிடைத்தவைதான். ஓர் ஆய்வாளருக்கு அந்தக் காசைவிட முக்கியம், அது எங்கே, எந்த ஆழத்தில், எதோடு சேர்ந்து கிடந்தது என்பது. விலை ஏறியதும் கிடைத்தவர் இடத்தைச் சொல்ல மாட்டார், சொன்னால் போட்டிக்கு ஆள் வருமே. வாங்கியவரும் கேட்க மாட்டார். சட்டமும் அவரைப் பயமுறுத்துகிறது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்திருந்து கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டு தாண்டிய நாணயம் தொல்பொருள், அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, தொழிலாக விற்க உரிமம் வேண்டும். எனவே ஊர்ப்பெயர் அழிகிறது. கூடவே போலிகள் வருகின்றன. ஊர்ப்பெயர் இல்லாத உண்மைக் காசையும், ஊர்ப்பெயர் இல்லாத போலிக் காசையும் எதை வைத்துப் பிரிப்பது?

சார் இழந்தது 13,650. நான் இழந்தது சில ஆயிரம். இவை எங்கள் இருவரோடு போகும். அமராவதி மணலில் ஒரு காசு தன் இடத்தை இழந்தால் அது எல்லாருக்கும் போனதுதான், அதற்குப் புகார் கொடுக்க 1930 மாதிரி ஓர் எண் கிடையாது.

வீட்டுப் பெட்டியை என்ன செய்வது

இவ்வளவு படித்தவர்கள் கடைசியில் கேட்பது இதுதான், "எங்க தாத்தா பெட்டியில கொஞ்சம் இருக்கு, என்ன செய்யலாம்?"

தேய்த்துக் கழுவாதீர்கள். புளி, எலுமிச்சை, பல்பொடி எதுவும் வேண்டாம். பளபளப்பு வந்தால் மதிப்பு போகும். சின்ன தராசில் எடை பாருங்கள், ஆண்டும் குறியும் எழுதுங்கள். வெள்ளி என்றால் உள்ளே எத்தனை கிராம் என்று கணக்கிடுங்கள், அதுதான் உங்கள் தரைமட்ட விலை. அதற்கு மேல் எவ்வளவு என்று அறிய, ஏல நிறுவனங்கள் வெளியிடும் *முடிந்த* ஏலங்களின் விலையைப் பாருங்கள், விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். அதிலும் வாங்கியவர் கட்டும் கமிஷனும் வரியும் சேர்ந்திருக்கலாம், விற்பவர் கைக்கு வருவது குறைவு. சந்தையில் உங்களிடம் வாங்குகிறவர் அந்த விலையில் பாதி சொன்னாலும் கோபப்படாதீர்கள், அவர் அதை விற்க இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டியிருக்கும். விற்கிறவரிடமே முன்பணம் கேட்கிற "வாங்குபவர்" யாராக இருந்தாலும் போனை வையுங்கள். காசு வாங்க வருகிறவன் காசு கேட்க மாட்டான்.

போன மாதம் சாரும் நானும் அவருடைய பெட்டியை முழுசாகப் பட்டியல் போட்டோம். ஸ்ப்ரெட்ஷீட்டில் ஆண்டு, குறி, எடை, விலை என்று நான் நாலு பத்தி வைத்தேன். ஐந்தாவதாக "யார் கொடுத்தது" என்று ஒன்று வேண்டும் என்றார் சார். 'ஹெச்' போட்ட 1985 ரூபாய்க்கு நேராக, முதல் சம்பளக் கவரில் வந்தது என்று எழுதச் சொன்னார். விலைப் பத்தியில் அதற்கு நான் 1 என்று போட்டேன். அவர் மறுக்கவில்லை.

அடுத்த குறிப்பில் வடசென்னைத் தங்கசாலைத் தெருவைப் பற்றி எழுத நினைக்கிறேன். 1869-ல் மூடிய மதராஸ் நாணயச்சாலையின் பெயர் மட்டும் அந்தத் தெருவில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.